தங்கராசா சேரின் அட்டை

1

ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் புகையிரத நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் கழுத்தில் ஏதோ ஆடுவதைக் கவனித்தேன். ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தந்த விருந்தினர் அட்டை. பச்சை நாடாவோடு அப்படியே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்குப் பதிலாக அவர்கள் வாங்கி வைத்த என்னுடைய வதிவிட அட்டை அந்தக் கண்ணாடி யன்னலுக்குள் கிடக்கிறது.

சுவிற்சர்லாந்தில் துணி வெளுக்கும் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய் இறக்கி, அழுக்கானவற்றை ஏற்றி வர வேண்டும். அன்று கம்பனி வானை இன்னொரு சாரதி எடுத்துப் போய்விட்டதால் நடந்து திரும்பினேன். ஆற்றோரம், நல்ல வெயில், நாய்களோடு உலாவும் கிழவிகள். இந்த நாட்டுத் தெருவில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அட்டை கேட்டதில்லை. ஆனாலும் திரும்பி ஓடினேன். ஐம்பது வயதுக்காரன் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்தோடு ஓடுவதைப் பார்த்து ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று வழிவிட்டார்.

யன்னலில் இருந்த பெண்ணிடம் மூச்சு வாங்கிக்கொண்டு டொச்சில், இந்த ஊர் ஜெர்மன் பாஷையில், ஏதோ சொன்னேன். அவள் சிரித்தாள். ‘அட்டையை மறந்துவிட்டேன்’ என்பதற்குப் பதிலாக ‘நான் என்னை மறந்து நடந்துகொண்டேன்’ என்று சொல்லியிருக்கிறேன். குடித்துவிட்டுச் சண்டை பிடித்தவன் மறுநாள் சொல்ல வேண்டிய வசனம் அது. “ஏன் ஓடி வந்தீர்கள், நான் தபாலில் அனுப்பியிருப்பேனே” என்று அட்டையை எடுத்துத் தந்தாள்.

வீட்டில் மகன் நிரோஷும் அதையேதான் சொன்னான். அவனுக்குப் பதினேழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் டொச்சில் பதில் சொல்லுவான். “அது ஒரு பிளாஸ்டிக் துண்டு, பப்பா” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினான்.

“ஓ. அந்த மாஸ்டர்ட கதையா?”

அந்த மாஸ்டரின் கதைதான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. அடையாள அட்டை என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். நான் படித்த பள்ளிக்கூடம் கிழக்குக் கரையில், டவுனுக்குள். யுத்த காலத்தில் மேற்குக் கரை இயக்கத்திடமும் கிழக்குக் கரை ஆமியிடமும் இருந்தது. அண்ணன் இயக்கத்துக்குப் போன பிறகு, மற்றவனையாவது காப்பாற்ற வேண்டும் என்று அப்பா என்னைத் தோணியில் ஏற்றிக் கொண்டுவந்து அந்தப் பள்ளிக்கூடத்து விடுதியில் விட்டார். அவர் அடுத்தவர்களுடைய வட்டையில் கூலிக்கு வயல் செய்தவர். வெள்ளாமை வெட்டியதும் நெல்லாகத்தான் விடுதிக்குக் கொடுக்க முடிந்தது. விடுதி அதை மறுக்கவில்லை.

விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் தங்கராசா சேர். கணக்குப் படிப்பித்தார். அவருடைய வீடு டவுனிலிருந்து தெற்கே செட்டிபாளையத்தில். மனைவியும் வயதான தாயும் அங்கே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிப் போய், ஞாயிறு பின்னேரம் திரும்பி வருவார். மற்ற நாட்களில் எங்களோடுதான் சாப்பாடு, எங்களோடுதான் படுக்கை.

பின்னேரப் படிப்பு நேரத்தில் அவர் வாய் திறக்க மாட்டார். வாங்குகளுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வருவார். கணக்கு எங்கே பிழைத்ததோ அந்த வரியில் ஒரு விரலை வைப்பார். எடுத்துவிட்டு அடுத்தவனிடம் போவார். பிழை என்ன என்று நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் அவருக்கு ‘விரல் சேர்’ என்று பெயர். அது தன்னுடைய பெயர் என்று அவருக்கும் தெரியும். புதிதாக வந்த சின்னப் பிள்ளை ஒருவன் முகத்துக்கு நேரே “விரல் சேர்” என்று கூப்பிட்டபோது, “ஓம், சொல்லுங்க” என்றுதான் கேட்டார்.

என் கொப்பியில் அவருடைய விரல் வைக்காத வரி குறைவு. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாது. மதிலால் குதித்து வாவிக்கரைக்குப் போய்விடுவேன். இறால் பிடிக்கிறவர்களோடு தோணியில் ஏறிக்கொள்வேன், வலை இழுப்பேன், உப்புத் தண்ணீரோடு திரும்பி வந்து மாட்டுப்படுவேன்.

“எங்கடா போன நீ?”

“குளிக்க, சேர்.”

“கிணறு வாவிக்குள்ளயாடா இரிக்கி? உனக்கு ரெண்டு காலிலயும் சக்கரம். இரி, இரிந்து இந்தக் கணக்கச் செய்.”

அடித்ததில்லை. அடித்திருந்தால் இன்று கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைப்பதுண்டு.

3

உயர்தரப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருந்த வருஷம், பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட ரோட்டில் ஒரு குண்டு வெடித்தது. அன்றே சுற்றிவளைப்பு. விடுதியின் பெரிய பொடியன்கள் எல்லாரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைப் பின்னேரத்தோடு விட்டுவிட்டார்கள். படுவான்கரைக்காரன், அண்ணன் இயக்கத்தில் என்பதால் என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உள்ளே நடந்ததை எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது.

சேர் தினமும் வந்து முகாமுக்கு முன்னால் வாகை மரத்தடியில் இருந்திருக்கிறார். படிப்பிக்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம். கடைசியில் முகாமின் பெரியவர் அவரை உள்ளே கூப்பிட்டார். என்னையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெரியவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

“இவன் நல்ல மாணவனா?”

“இல்ல” என்றார் சேர். “கணக்கில மோசம். சரியான குழப்படி. மதிலால பாயுறவன். ஒரு காரியத்த ஒளிச்சுச் செய்ய இவனுக்குத் தெரியாது ஐயா. ஒவ்வொரு முறையும் பிடிபட்டிருவான்.”

பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் சும்மா இல்லை. அந்த முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. பொறுப்பு நின்று ஒருவனைக் கூட்டிப் போகிறவர் தன்னுடைய அடையாள அட்டையை அங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும். விடுபட்டவன் ஞாயிறு தோறும் காலையில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக வைத்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். ஓடிப்போனால் கிடைக்காது. பொறுப்பு நின்றவர் பதில் சொல்ல வேண்டும்.

சேர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பஸ்ஸுக்குக் காசு எடுத்து வைப்பதுபோல வைத்தார்.

அட்டை இல்லாமல் டவுனை விட்டு ஒரு சோதனைச்சாவடியும் தாண்ட முடியாது. அந்த வெள்ளிக்கிழமை சேர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வெள்ளியும் போகவில்லை. அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து விடுதிக்கு வரத் தொடங்கினார். அடுக்குச் சட்டியில் இறால் கறி கொண்டுவருவார். எனக்கும் ஒரு கோப்பை வைத்து, “தின்னு மனே” என்று பெரிய இறாலாகப் பார்த்துப் போடுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். அந்த வீட்டுக் கறி விடுதி வாங்கில் வைத்துத் தின்னப்படுவது என்னால்தான் என்பதை அவர் ஒரு சொல்லில்கூடக் காட்டவில்லை. சேரின் தாய் மட்டும் பஸ்ஸில் ஏற முடியாத நிலையில் இருந்தார்.

4

சில ஞாயிறுகள் கையெழுத்தோடு போயின. பிறகு ஒரு ஞாயிறு பெரியவர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“அடுத்த ஞாயிறு வா. வந்து ஜீப்பில ஏறு. முகத்துக்குச் சாக்கு தருவம். பேச வேணாம். ஆளக் காட்டினா தலைய ஆட்டு, போதும்.”

தலையாட்டியாக என்னைக் கேட்டார்கள். நான் தலை ஆட்டினால் யாரோ ஒருவன் போவான். ஆட்டாவிட்டால் நான் போவேன். திரும்பி வந்து சேரிடம் சொன்னேன். அவர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனையை மூடி வைத்தார்.

“ஆருக்கும் சொன்னியா?”

“இல்ல சேர்.”

“சொல்லாத.”

அந்தக் கிழமை முழுக்கப் படிப்பு நேரத்தில் வழக்கம்போலப் பின்னால் வந்தார். விரல் வைத்தார். போனார். சனிக்கிழமை காலை ஓட்டமாவடியிலிருந்து விடுதிக்கு அரிசி ஏற்றும் லொறி வந்தது. அதன் சொந்தக்காரர் ஹனீபா காக்கா, ஓட்டமாவடியில் அரிசி மில் வைத்திருந்தவர். மூட்டைகளை இறக்கி முடிந்ததும் சேர் என்னைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“காக்காவோட போ. ராவைக்கு அவர் வீட்ட படு. விடியப் பொலநறுவை பஸ் வரும், ஏறு. அங்க இருந்து கண்டி. கண்டியில என்னோட படிச்சவர் ஒராள் பள்ளிக்கூடத்தில இரிக்கார், விடுதியும் இரிக்கி. எல்லாம் பேசிட்டன். அங்க இரிந்து படிச்சு உயர்தரச் சோதனைய எடு.”

“உங்கட அட்டை, சேர்?”

“அட்டைய ஆருடா கேட்ட? சோதனைய எடு எண்டுதான் சொன்னன்.”

“நாளைக்கு நான் வராட்டி உங்களைத்தான் கூப்பிடுவானுகள்.”

“கூப்பிட்டாப் போவன். எனக்கு என்ன, வயசு போனவன். ரெண்டு ஏச்சு ஏசுவானுகள். நீ படி. எனக்கு அது போதும்.”

அப்போது அவருக்கு நாற்பது வயதும் இல்லை. அப்போதைய சேர் இன்றைய என்னைவிட இளையவர்.

எல்லாக் காவலரணிலும் காக்காவை அறிந்திருந்தார்கள். என்னிடமும் என்னுடைய அட்டை இருந்தது. வெற்றுச் சாக்குகளுக்கு மேலே கூலியாள் மாதிரி இருந்துகொண்டு போனேன். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பொடியனை முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில் தன் வீட்டில் படுக்க வைப்பது அவருக்கும் லேசான காரியமில்லை.

மகனுக்கு இந்தக் கதையை எப்போதும் லொறியோடு நிறுத்திவிடுவேன்.

5

பிறகு சேருக்கு என்ன நடந்தது என்பதை அவர் எனக்குச் சொன்னதில்லை. பல வருஷத்துக்குப் பிறகு, சூரிச்சில் ஒரு செத்தவீட்டில், என்னோடு விடுதியில் இருந்த ஒருவன் தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்து சொன்னான். நான் கேட்டுச் சொன்னதல்ல. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

ஞாயிறு காலை சேர் தானாகவே முகாமுக்குப் போயிருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஆளை விட்டார்கள். அட்டையை விடவில்லை. புதிய அட்டைக்கு எழுதினால், பழையது எங்கே என்று கேட்டு அந்த முகாமிலிருந்தே கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த வருஷம் பெரியவர் மாறிப் போகும்வரை அப்படியே போனது. அதற்கிடையில் செட்டிபாளையத்தில் அவருடைய தாய் இறந்துபோனார். கிராம சேவகரின் கடிதத்தோடு சேர் பாலத்தடிச் சோதனைச்சாவடிக்குப் போயிருக்கிறார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனார். மறுபடி அனுப்பினார்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலமும் இல்லாத தூரம். மூத்த மகன் அவர்தான். கொள்ளி வைத்தது தம்பி.

“அண்டைக்குப் பின்னேரமும் படிப்பு நேரத்துக்கு வந்தவர்டா” என்றான் நண்பன். “விரல் மட்டும் வைக்கல்ல. சும்மா நடந்தார்.”

அவன் பிறகு வேறு கதைக்குப் போய்விட்டான். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். மறுநாள் வேலைக்கும் போனேன். வெளியே தெரிகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

6

இப்போது நிரோஷ் படிப்பை விடப்போகிறேன் என்கிறான். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பள்ளியில் படிக்கிறான், கெட்டிக்காரன். அதை விட்டுவிட்டுச் சைக்கிள் திருத்தும் கடையில் தொழில் பழகப் போகிறானாம். பதினெட்டு ஆகாதபடியால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். வகுப்பாசிரியை எங்களைக் கூப்பிட்டு, “தந்தையின் கருத்து என்ன?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த டொச்சில் என் கருத்து இல்லை. தமிழிலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “வாயத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னா என்னவாம்? நீங்க தகப்பன்தானே” என்றாள்.

நிரோஷ் என்னைப் பார்த்தான். “அந்த மாஸ்டர் உங்களைப் படிக்கத்தானே அனுப்பினவர்? பிறகு என்ன படிச்சீங்க?”

“பிறகு சொல்றன்” என்றேன்.

அடுத்த நாள் சேருக்குப் போன் எடுத்தேன். வழக்கமாகச் சித்திரை வருஷத்துக்கு மட்டும்தான் எடுப்பேன். ஓய்வு பெற்றுச் செட்டிபாளையத்தில் இருக்கிறார். குரல் மெலிந்துவிட்டது, நையாண்டி மெலியவில்லை.

“ஆரு, சுவிஸ் குணமா? என்னடா வருஷம் முந்திப் பிறந்திட்டா?”

அட்டையை மறந்து ஓடிய கதையைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பின் துணிவில் கேட்டுவிட்டேன்.

“சேர், உங்கட அட்டை பிறகு கிடைச்சதா?”

“எந்த அட்டை? ஓ, அதா. கிடைச்ச. படத்தில தலைமயிர் இரிந்த, எனக்கு இல்ல. சென்றியில காவலுக்கு நிண்ட பொடியன் ‘இது நீ இல்ல’ எண்டுட்டான்.”

“சேர், உங்கட அம்மா...”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்தியது. பிறகு, “மகன் என்ன படிக்கான்?” என்றார்.

சொன்னேன். விடப்போகிறான் என்றும் சொன்னேன். அவர் அதற்குப் புத்தி சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் கேட்காதது.

“கண்டியில இரிந்து அவர் எழுதினவர், நீ வந்து சேரல்ல எண்டு. நான் நினைச்சன், அண்டைக்குப் பஸ் வரல்லயாக்கும் எண்டு. ரோட்டு மூடியிரிப்பான். அந்த நாளையில அப்பிடித்தானே. பஸ் வரல்லதானே மனே?”

எனக்கு வழியை அவரே திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“ஓம் சேர்” என்றேன். “வரல்ல.”

“அதான். நான் அப்பவே சொன்னன் இவளுக்கு” என்றார். குரலில் ஒரு தெளிவு. பக்கத்தில் இருந்த மனைவியிடம் சத்தமாக, “கேட்டியா, பஸ் வரல்லயாம்” என்றார்.

7

பஸ் வந்தது.

காக்காவின் மில் ரோட்டோரம், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. விடிய எழும்பித் தேநீர் குடித்துவிட்டு மில் வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். அவித்த நெல்லைத் தொட்டியிலிருந்து அள்ளிக் கொண்டுவந்து சீமெந்துக் களத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆவி பறந்தது. காய வைக்கிறவர்களில் ஒருவர் அன்று வரவில்லை. நெல் குவியலாகக் கிடந்தது. சும்மா நிற்க முடியாமல், சுவரில் சாத்தியிருந்த பலகையை எடுத்துத் தள்ளிப் பரப்பத் தொடங்கினேன். எந்தப் பக்கம் தள்ளினாலும் பிழை என்று யாரும் சொல்லவில்லை. தள்ளிய இடமெல்லாம் பொன்னிறமாக, மட்டமாக வந்தது.

ஹோர்ன் அடித்தது. “பொலநறுவ, பொலநறுவ” என்று கண்டக்டர் கத்தினான். ரோட்டு மூடியிருக்கவில்லை. பஸ்ஸில் இடமும் இருந்தது.

“தம்பி, பஸ் நிக்கிது. ஓடுங்க” என்றார் காக்கா.

நான் பலகையை விடவில்லை. “காக்கா, இஞ்ச வேலைக்கு ஆள் தேவையா?”

அவர் என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். “சேருக்கு நான் என்னத்தச் சொல்லுற?”

“நான் சொல்லிக்கொள்ளுறன்.”

“பொறகு என்னக் குத்தம் சொல்லப்படாது” என்றார். கொஞ்சம் நின்று பார்த்தார். “அந்த மூலையில தடிப்பாக் கிடக்கு. நல்லா இழுத்து விடு. பகலைக்குள்ள காயோணும்.”

பஸ் போனது. அன்று முகாமில் எனக்காகச் சேர்தான் போய் நிற்க வேண்டி வரும் என்பது எனக்குத் தெரியும். அது தெரியாமல் நான் அந்த வேலையில் சேரவில்லை. மூலைக்குப் போய் நெல்லை இழுத்து விட்டேன். உள்ளங்காலில் சூடு ஏறியது. இனிக் கணக்கு இல்லை, வாங்கு இல்லை, பின்னால் யாரும் வந்து நிற்கப் போவதில்லை. பகல் வரைக்கும் விசில் அடித்துக்கொண்டு நெல் காய வைத்தேன்.